கொடியில் டீ பையும் நானும்

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் என் மனைவி சௌந்தரி என்னை மொட்டை மாடிக் கொடியில் காயப்போட்டாள். சட்டையின் தோள்பட்டையில் ஒரு கிளிப் மாட்டினாள். பக்கத்தில் ஒரு டீ பை தொங்கியது. அதற்கும் ஒரு கிளிப்தான்.

அந்த டீ பையை எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடமாக ஆபீஸில் குடித்த ஒவ்வொரு டிப் டீயின் பையையும் பிழிந்து, சட்டைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். எங்கள் வீட்டில் எதையும் ஒரு தடவையோடு தூக்கி எறிவதில்லை. இது என் பிரிவு உபசார விழாவில் கொடுத்த டீயினுடையது. ஆக, நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஓய்வு பெற்றவர்கள். இருந்தாலும் அது என்னோடு பேசவில்லை.

பத்து மணிக்கு மறுபயன் அலுவலகத்திலிருந்து திருமேனி என்பவர் வந்தார். கையில் அட்டை, அட்டையில் படிவம்.

“ஒரு வீட்டுக்கு ஒரு பழைய பொருள்தாம்மா. இங்க ரெண்டு தொங்குது.”

“ஆமா சார்,” என்றாள் சௌந்தரி. “ஒண்ணு டீ பை. இன்னொண்ணு வீட்டுக்காரர்.”

“எது உபயோகமோ அதை வச்சுக்கலாம். மத்தது பன்னண்டு மணி வண்டியில உரக்கிடங்குக்குப் போயிரும்.”

“யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் சார்,” என்றேன்.

அவர் படிவத்தைப் புரட்டினார். “யானைக்கு வேற படிவம் சார்.”

வீட்டுக்குள் இறங்கும் படிகள் அன்று நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. வழக்கமாகப் பதினாறு. கீழே வந்தபோது மணி பதினொன்று.

எது உபயோகம் என்று பார்க்க, முதலில் ஃப்ரிட்ஜ். டீ பையைக் கிண்ணத்தில் வைத்து ஐந்து நிமிடம் மூடினார்கள். திறந்தபோது கருவாட்டு வாடை போயிருந்தது. பிறகு என்னை உள்ளே வைத்தார்கள். முட்டியை மடக்கினால் காய்கறித் தட்டுக்கு மேலே இடம் தாராளம். கதவைத் திறந்ததும், “இந்தப் புளிக்குழம்பு எந்த வாரத்துது?” என்று கேட்டேன்.

சௌந்தரி திருமேனியைப் பார்த்தாள். அவர் படிவத்தில் எனக்கு முட்டை போட்டார்.

அடுத்தது ஷூ. டீ பை ஒரு ஷூவின் நாற்றத்தை எடுத்துவிட்டது. மற்றதில் நான் காலை விட்டேன். அது என் ஷூதான் என்பதால் நாற்றம் கூடியது. இன்னொரு முட்டை.

நிலைக்கண்ணாடியில் டீ பை துடைத்த பாதி பளிச்சென்று ஆனது. என் பாதியைத் துடைக்கப் போனவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். உள்ளே இருந்தவனும் துடைக்கவில்லை.

கடைசியாகப் பால்கனி ரோஜாத் தொட்டி. டீ பையை மண்ணில் வைத்ததும் ஒரு மொட்டு தலை நிமிர்ந்தது. அதை எடுத்துவிட்டு என்னை நிற்க வைத்தார்கள். சும்மா நிற்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆனால் மொட்டு மறுபடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டது.

தெருவில் வண்டி ஹாரன் அடித்தது. எனக்குப் பயமாக இருந்தது. சௌந்தரியோடு ஒரு வேலைநாளில்கூட முழுசாக வீட்டில் இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“சார், இன்னும் ஒண்ணு பாக்கலாம்,” என்றாள் அவள். “வெந்நீர்ல.”

“எதுக்கும்மா?”

“சாரம் மிச்சம் இருக்கான்னு.”

அவர் படிவத்தில் தேடிப் பார்த்து, “இருக்கு, பதினேழாவது வரி,” என்றார்.

இரண்டு டம்ளர்களில் வெந்நீர் வைத்தாள். டீ பையை முக்கியதும் தண்ணீர் தேன் நிறத்துக்கு வந்தது. நேற்று குடித்ததைவிட நல்ல நிறம். சௌந்தரி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். “நல்லாத்தான் இருக்கு.”

அடுத்த டம்ளரில் என் ஆள்காட்டி விரலை விட்டேன். மூன்று நிமிடம் என்பது விதி. சுட்டது. எடுக்கவில்லை. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

திருமேனி குனிந்து பார்த்தார். “சாயமே இறங்கலியே சார்.”

“கொஞ்சம் நேரம் கொடுங்க சார்.”

“முப்பத்திரெண்டு வருஷம் கொடுத்தாச்சே.”

சௌந்தரி டம்ளரை எடுத்தாள். குடித்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“சப்புன்னு இருக்கு.”

அவர் பேனாவைத் திறந்தார். நான் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். என் செருப்பு எங்கே என்று யோசித்தேன். அவள் டம்ளரை இறக்கவில்லை. நின்றபடியே அடி வரைக்கும் குடித்து, காலி டம்ளரை அவருக்குக் கவிழ்த்துக் காட்டினாள்.

“கல்யாணமான நாள்லேருந்து இதே ருசிதான் சார். எனக்குப் பழகிப்போச்சு.”

“பழக்கம்னு படிவத்துல வரி இல்லம்மா.”

“எழுதிக்குங்க.”

அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி மறுபடி ஹாரன் அடித்தது. படிவத்தின் ஓரத்தில் இடம் பார்த்து எழுதிக்கொண்டார். பிறகு நூலைப் பிடித்து டீ பையைத் தூக்கினார். ஐந்து வேலையிலும் ஜெயித்த டீ பை. வாசலில் அது என் பக்கம் ஒரு தடவை திரும்பியது. எனக்கு என்னவோ போலிருந்தது.

“வாங்க, இன்னும் ஈரம் காயலை,” என்றாள் சௌந்தரி.

இப்போது படிகள் பதினாறுதான். மாடியில் காற்று பலமாக அடித்தது. அவள் என்னைக் கொடியில் போட்டு, சட்டைச் சுருக்கத்தை நீவிவிட்டு, பழைய இடத்திலேயே கிளிப்பை மாட்டினாள். பிறகு பக்கத்தில் சும்மா இருந்த டீ பையின் கிளிப்பையும் எடுத்து, என் இன்னொரு தோளில் போட்டாள்.