வேதாந்தத்தின் வயிற்றில் விழுந்த கோபி மஞ்சூரியன்

வைகுண்ட ஏகாதசியன்று பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்த வேதாந்தத்தின் வயிற்றில், ராத்திரி எட்டு மணிவாக்கில் ஒரு ப்ளேட் கோபி மஞ்சூரியன் வந்து விழுந்தது. அவர் அப்போது திருப்பதியில் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைத் தின்றவன் அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, சித்தூர் பைபாஸ் ரோட்டு ஏசி ஓட்டலில், ஃபோனில் கரடி பொம்மைப் படம் பார்த்தபடி அம்மா ஊட்ட ஊட்ட வாயைத் திறந்துகொண்டிருந்த நிதின் என்ற மூன்று வயசுப் பையன். தின்றது அவன், நிறைந்தது இவருக்கு. இத்தனை பேர் இருக்க இவர் வயிறு ஏன் என்று பலபேர் என்னிடம் கேட்டாயிற்று. பங்காருபாளையத்தில் ஒரு மாமரம் ரோட்டுப் பக்கம் மட்டும் காய்க்கிறது. அதை ஏன் என்று எவனாவது கேட்டானா? வியாபாரி வருகிறான், காய் இருக்கிற பக்கத்துக்கு விலை பேசுகிறான், போகிறான்.

வேதாந்தம் பிறந்ததிலிருந்து ஓட்டல் வாசல்படி மிதித்தவர் இல்லை. காளஹஸ்தி தபாலாபீஸில் வேலை பார்த்த வருஷங்களில் குடிக்கிற தண்ணீர்கூட வீட்டுச் சொம்பில்தான் போகும். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. இலையைச் சுற்றித் தீர்த்தம் விட்டுவிட்டால் எழுந்திருக்கிற வரை வாயில் பேச்சு வராது, தலை நிமிராது. தெருவில் யானை போனாலும் அவருக்கு இலைதான் தெரியும். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குப் பாசுரத்தின் நடுவில் ஒரு ஏப்பம் விட்டார். அடுக்களையிலிருந்து அவர் மனைவி மரகதவல்லி எட்டிப் பார்த்து, "பூண்டு வாசனைன்னா அடிக்கறது. கோபி மஞ்சூரியன்னா இது" என்றாள். உனக்கெப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். அவள் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். அந்தக் கேள்வி அந்த வீட்டில் அப்புறம் எழவே இல்லை.

அன்று தொடங்கியது நிற்கவில்லை. காலையில் இட்லி, மத்தியானம் குழம்பும் களியும், ஞாயிற்றுக்கிழமைகளில் நூடுல்ஸ், பரோட்டா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து விழுந்ததற்கு மட்டும் மரகதவல்லி பெயர் சொல்ல மறுத்துவிட்டாள். அவரும் வற்புறுத்தவில்லை, பேசாமல் போய்த் தலைமுழுகினார். அவள் பண்ணிய தளிகை நாலு பருக்கைக்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் ஆள் பெருத்தார். பாசுர கோஷ்டியில் முதல் வரிசையில் நிற்கிறவர், இரண்டடிக்கு நடுவே பூண்டு ஏப்பம் விட்டால் பக்கத்தில் நிற்கிறவன் என்ன நினைப்பான்? திருட்டுத்தனமாக ஓட்டலுக்குப் போகிறார் என்றுதான். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. மெதுவாகக் கடைசி வரிசைக்கு ஒதுக்கினார்கள். எந்த ஓட்டலில் டிபன் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சிரிக்காமல் விசாரித்தார். வேதாந்தம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

இங்கே இப்படி என்றால், கங்காதர நெல்லூர்ப் பக்கத்தில் நிதின் வீட்டில் வேறு அழுகை. அவன் அப்பா பவன்குமார் சொந்த வண்டியில் மண்டிக்கு மாங்காய் லோடு அடிக்கிறவன். தாத்தா துலுக்காணம் ஒரு காலத்தில் டீக்கடைக்கு வெளியே நின்றபடி தனித் தம்ளரில் டீ குடித்தவர். கூலிக்கு அறுப்பறுத்த கழனியில் ஒரு துண்டை மகன் விலைக்கு வாங்கியதைப் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு ஏசி ஓட்டலில் போய்ச் சாப்பிடுவது என்பது அந்த வீட்டில் மருமகள் தேன்மொழி வைத்த சட்டம். மாமனார் பழக்கதோஷத்தில் மூலை மேஜைக்குப் போவார். தேன்மொழி நட்டநடு மேஜையில் போய் உட்கார்ந்து, "இங்க வா நைனா" என்று கூப்பிடுவாள். அவள் கணவனுக்கு அப்பா என்றால் அவளுக்கும் நைனாதான்.

நடு மேஜையில் ஒரு சங்கடம் உண்டு. பிள்ளை அழுதால் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். மற்றவர்கள் பிள்ளை அழுதால் பிள்ளை அழுகிறது என்று பார்ப்பார்கள். தன் பிள்ளை அழுதால் எந்த ஊர், எந்தத் தெரு என்று பார்ப்பார்கள் என்பது தேன்மொழியின் கணிப்பு. அது தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் தட்டு வருவதற்கு முன்னால் ஃபோன் வந்தது. பையன் கப்சிப். சுற்றிலும் எல்லா மேஜையிலும் பிள்ளைகள் ஃபோனோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தின்றது அவர்கள் வயிற்றுக்கே போயிற்றா, வேறெங்காவது போயிற்றா என்று இதுவரை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஓட்டலில் தொடங்கிய வழக்கம் வீட்டுக்கும் வந்தது. கரடி வந்தால் வாய் திறக்கும், கரடி போனால் வாய் மூடும். தேன்மொழி கிண்ணம் கிண்ணமாக ஊட்டினாள். பையன் ஒட்டடைக் குச்சியாக இளைத்தான். அங்கன்வாடி எடை அட்டையில் அவன் புள்ளி பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கி, சிவப்புக்கும் வந்தது. பூச்சி மருந்து கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிள்ளைக்கு ஒழுங்காகச் சோறு போடுவதில்லை என்று தெருவில் பேச்சு வந்தது. ஊட்டி ஊட்டிக் கை ஓய்ந்தவளுக்கு அதைக் காதால் கேட்டால் எப்படி இருக்கும்?

வெயில் காலம் தொடங்கியபோது அவனைத் திருப்பதியில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் சத்தான ஆகாரம் கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தார்கள், வழக்கம்போல நடு மேஜையில். குடையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போன வேதாந்தம் நடைபாதையில் நின்றுவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் கை பையன் வாய்க்குப் போகும்போதெல்லாம் இந்தப் பக்கம் அவர் வயிற்றில் ஒரு கவளம் விழுந்தது. கை போயிற்று, விழுந்தது. கை போயிற்று, விழுந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. குடையை மடக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டலுக்குள் நுழைந்து, அந்த மேஜை முன்னால் போய் நின்றார்.

"இன்னா சாமி, எதுக்குப் புள்ளையவே பாத்துக்கினு நிக்கிறீங்க?" என்றாள் தேன்மொழி.

"இவன் சாப்பிடறதெல்லாம் என் வயத்துலன்னா விழறது, அம்மா" என்றார் அவர்.

நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். தேன்மொழி சிரிக்கவில்லை. பெருத்திருந்த அவர் வயிற்றைப் பார்த்தாள், மகனின் விலா எலும்பைப் பார்த்தாள்.

"அப்ப என் புள்ள சோத்த இத்தினி நாளா நீங்கதான் துன்னுக்கினு இருந்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பவன்குமார் எழுந்தான், துலுக்காணம் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அக்கம்பக்கத்து மேஜைகள் கைகழுவப் போகாமல் பஞ்சாயத்துக்கு வந்தன. ஃபோனைப் பிடுங்கிப் போட்டால் தீர்ந்தது என்று ஒருவர் தெலுங்கில் சொன்னார். அவர் மகள் பக்கத்திலேயே ஃபோனில் பாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி ஃபோனைக் கவிழ்த்துக் காட்டினாள். நிதின் வாயை இறுக மூடிக்கொண்டான், பூட்டுப் போட்டது போல. நிமிர்த்தினாள், திறந்தது. ஊட்டினாள், வேதாந்தம் ஏப்பம் விட்டார்.

வேதாந்தம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். கரடி பார்த்துத் தின்றால் அங்கிருந்து இங்கே வருகிறது என்றால், கரடி பார்த்து இவர் தின்றால் இங்கிருந்து அங்கே போகத்தானே வேண்டும் என்றார். தபாலாபீஸ் மூளை, போகிற வழி உண்டென்றால் வருகிற வழியும் உண்டு. ஒரு தயிர் சாதம் கொண்டு வரச் சொன்னார். உங்கள் ஆசாரம் என்ன ஆகிறது என்று துலுக்காணம்தான் பதறினார். "வயிறே இத்தனை நாளா உங்காத்துச் சாதத்துல நிறைஞ்சுண்டிருக்கு. வாய்க்கு மட்டும் என்னய்யா தனி மடி?" என்றார் வேதாந்தம். தட்டைச் சுற்றித் தீர்த்தம் விட்டார். பிறகு ஜென்மத்தில் செய்யாததைச் செய்தார்: தலையை நிமிர்த்தி, பையனோடு சேர்ந்து கரடியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பாதித் தட்டு காலியாகும்போது நிதினின் வயிறு சட்டைக்குள் மெல்ல எழும்பியது. அவர் தட்டை வழித்ததும் அவன் இஞ்சி வாசனையோடு ஒரு ஏப்பம் விட்டான். தேன்மொழி அந்த வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கூடமே பார்க்க, அழுதாள்.

சமாசாரம் கோஷ்டிக்கு எட்டியது. விசாரித்தார்கள். வேதாந்தம் அசரவில்லை. முன்னே வயிற்றுக்கு வந்ததை நான் சாப்பிடவில்லை. அன்று நான் சாப்பிட்டது வயிற்றுக்கு வரவில்லை. இதில் ஆசாரம் எங்கே கெட்டது, காட்டுங்கள் என்றார். பெரியவர்கள் இரண்டு நாள் யோசித்தார்கள். ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டாம் வரிசையில் இடம் கொடுத்தார்கள்.

பவன்குமார் தன் பழைய ஃபோனை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல், வேளை தவறாமல், திருப்பதியில் அவரும் கங்காதர நெல்லூரில் நிதினும் ஆளுக்கொரு கரடியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். மரகதவல்லியின் புளியோதரை நிதினுக்குப் போயிற்று; தேன்மொழியின் களி இவருக்கு வந்தது. ஏகாதசி மட்டும் கடைசிவரை தகராறுதான். இவர் உபவாசம் என்பதற்காகப் பிள்ளையைப் பட்டினி போட முடியுமா? வந்து விழுவது விழட்டும், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார். நிதின் அட்டையில் புள்ளி பச்சைக்கு ஏறியது. அங்கன்வாடி டீச்சர் என்ன கொடுக்கிறாய் என்று கேட்டபோது, தேன்மொழி மறைக்காமல், திருப்பதி சாமி ஒருத்தர் சாப்பிடுகிறார் என்றாள். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பிள்ளையை எடை போட்டாள்.

அதற்கடுத்த மார்கழியில் குளத்துப் படியில் பாசி வழுக்கி வேதாந்தம் விழுந்தார். தாடை உடைந்தது. பல்லோடு பல் சேர்த்துக் கம்பி கட்டி, உறிஞ்சுகுழாயில் பால் மட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் வாய் மூடியதும் நிதின் வயிறு காய்ந்தது. அவன் தின்றதெல்லாம் அங்கே போயிற்று. அங்கிருந்து வர ஒன்றும் இல்லை. கன்னம் ஒட்டத் தொடங்கியது. மறுபடி அந்தச் சிவப்பா என்று தேன்மொழி அட்டையை எடுத்துப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூர் ஓட்டலில், நடு மேஜையில், அவள் ஃபோனை அணைத்துத் தன் பைக்குள் போட்டாள். நிதின் அழுதான். அழுகை என்றால் சாதாரண அழுகையா, கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து பார்த்தார். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஃபோனைக் கொடுத்துத் தொலையேன் என்று பவன்குமார் கிசுகிசுத்தான். "பாக்கறவங்க பாக்கட்டும்" என்றாள் தேன்மொழி, தோசையைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டே. அவள் சாப்பிட்டு முடிக்கிற சமயத்தில் அழுகை தேய்ந்தது. பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் தட்டைப் பார்த்தான். ஒரு இட்லியைக் கையால் எடுத்தான். அது அவன் வயிற்றுக்கே போயிற்று.

அன்றிலிருந்து நிதின் தானே தின்றான், ஃபோன் கேட்கவில்லை. தேன்மொழிக்கு உலகத்தை ஜெயித்த சந்தோஷம். வாரம் முடிவதற்குள் மரகதவல்லி ஃபோன் பண்ணினாள். அவருக்கு இப்போது ஒன்றும் வந்து விழுவதில்லை, பால் போதவில்லை, எழுந்து உட்காரக்கூடத் தெம்பு இல்லை என்றாள்.

"கேக்கவே கூசறதும்மா. உன் பிள்ளைக்குக் கொஞ்சம் ஃபோன் காட்டறியா?"

வாணாம் என்றான் பவன்குமார். இப்போதுதான் பிள்ளை தேறினான், மறுபடி அந்தக் கரடியா என்றான். தேன்மொழி அடுப்பை அணைத்துவிட்டு நிதினைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பதித் தாத்தா வாயைத் திறக்க முடியாமல் பசியாகக் கிடக்கிறார் என்றாள். பசி என்றால் என்னவென்று இந்த வாரம்தான் தெரிந்துகொண்ட பையன் அவன். "அப்ப எனுக்கு?" என்று கேட்டான். "மொதல்ல தாத்தாவுக்குத் துன்னு. அப்பறம் உனுக்குத் துன்னு" என்றாள். சரி என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் முதல் தட்டு கரடியோடு போயிற்று. திருப்பதியில் வேதாந்தம், கம்பி கட்டிய வாயோடு, கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டாம் தட்டை நிதின் தானே பிசைந்து தின்றான். பிறகு அவருக்குக் கம்பி அவிழ்த்தார்கள். மென்று தின்னத் தெம்பில்லை என்று வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. நிதின் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவர்கள் வந்து நடு மேஜையில் உட்கார்ந்ததும், சப்ளையர் துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே, இந்தத் தட்டு சாமிக்கா பையனுக்கா என்று கேட்கிறான். சாமிக்கு என்றால் வெங்காயம் இல்லாமல் கொண்டுவருகிறான்.