ஊதா வெளிச்சத்துக்கு முன்னால்

ஒரு ஆளைத்தான் எடுப்பேன் என்று சோதனைக்கூடப் பொறுப்பாளர் சுப்ரியா மேடம் சொன்ன நாளிலிருந்து அப்பாஸின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இருவரும் ஒரே நாளில் கான்ட்ராக்டில் சேர்ந்தவர்கள். உயரழுத்த மின்கம்பியைத் தாங்கும் பீங்கான்களைச் சோதிக்கிற கூடம் எங்களுடையது. நான் துடைப்பேன், அவன் தூக்கி மாட்டுவான். இப்போது காலியானது பார்வையாளர் இடம். கூடத்தை இருட்டாக்கி, மேடம் மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுவார். எந்த அளவில் பீங்கானில் ஊதா வெளிச்சம் கிளம்புகிறது என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். உட்கார்ந்த வேலை; என் முழங்கால் அதற்காகவே ஏங்கியது. அந்தத் தாளுக்காகத்தான் நாற்பத்தாறு வயதில் மத்திகிரியில் ஞாயிறு வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றேன். அப்பாஸோ எட்டாவது படித்தவன். அவன் பேனாவைப் பிடிக்கிற விதமே என் வயிற்றை எரிய வைக்கும்.

"பொண்ணு பாக்கப் போற மாதிரி கண்ணக் கழுவினு வந்திருக்கீங்களே பெரியதம்பிண்ணே!" என்றான் அப்பாஸ், தேர்வு நாள் காலையில்.

"உன் கண்ணப் பாத்துக்க, போ."

மேடம் இருவருக்கும் தாள் கொடுத்தார். "கரண்ட்டோட இழுப்பு காத்துல இருக்கிற அணுவையே பிச்சுடும். பிஞ்சது திரும்ப ஒட்டறப்ப வர்றதுதான் அந்த வெளிச்சம். இழுப்பு பத்தலன்னா தலகீழ நின்னாலும் வராது. யாரும் பேசக்கூடாது. எழுதினத அடிக்கக்கூடாது, அடிச்சா தாள் செல்லாது."

விளக்கு அணைந்தது. கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரம் காத்திருந்தோம்.

"நூறு கிலோவோல்ட்… நூத்திப்பத்து… நூத்திருபது…"

பீங்கானில் இருக்க வேண்டிய என் கவனமெல்லாம் பக்கத்து நாற்காலியில் இருந்தது. அப்போது அப்பாஸின் பேனா தாளில் கிறீச்சிட்டது. பார்த்துவிட்டான்! எனக்கு மட்டும் தெரியவில்லையா? இருட்டில் தடவித் தடவி 120 என்று எழுதினேன்.

"நூத்தியறுபது" என்றபோது பீங்கானின் கீழ் வளையத்து ஓரத்தில் அது கிளம்பியது. கத்தரிப்பூ நிறத்தில், ஊசி முனையளவு. அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன். பக்கத்துப் பேனா அசையவில்லை. அடுத்த படியில்தான் அசைந்தது.

விளக்கைப் போட்டதும் மேடம் தாள்களைக் கேமராப் பதிவோடு ஒப்பிட்டார்.

"கேமரால நூத்தியறுபது. அப்பாஸ் நூத்தியெழுபது, ஒரு படி லேட்டு, பரவால்ல. பெரியதம்பி, நூத்திருபதுல எங்கங்க வெளிச்சத்தப் பாத்தீங்க?"

"நான் நூத்தியறுபதுலதாங்க மேடம் பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு நூத்திருபதுன்னு எழுதினீங்க?"

அப்பாஸின் பேனாவைப் பார்த்தேன். இல்லாத வெளிச்சத்தை எழுதுகிறவருக்கு அந்த நாற்காலியைத் தர முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாஸை மடக்கினேன். "நடுவுல என்னாத்தப்பா எழுதின?"

"பேரு எழுத மறந்துட்டேண்ணே. திடீர்னு ஞாபகம் வந்துச்சு. ஏண்ணே?"

"ஒண்ணுமில்ல."

மதியம் அடுத்த பீங்கான் வந்தது. துடைத்து முடித்தேன். அப்பாஸ் தாளோடு போய் உட்கார்ந்தான். அவனைவிட ஒரு படி முன்னாலேயே பார்க்கிற கண் எனக்கு. கேமராவே அதற்குச் சாட்சி. இருட்டாக்கும் முன் துடைக்கிறவர்கள் வெளியே போய்விட வேண்டும். போனேன். கதவை நானே சாத்தினேன்.