கூப்பிட்ட நேரங்கள்

தையல்காரம்மாவின் கணவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். பார்க்கின்சன் நோய் வந்த நாலாவது வருஷம், நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய பாதங்கள் தரையில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. அறை வாசலில், கட்டில் முனையில், திரும்பும் இடத்தில் அப்படியே நின்றுவிடுவார். முழங்கால் மட்டும் வெடவெடக்கும். “பிரேக் பிடிச்சா விடமாட்டேங்குது” என்று சிரிப்பார்.

ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் ராஜநடைதான். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பாத்தியாம்மா? இங்க எப்படிப் போறாரு. வீட்ல நான் கூப்பிட்டா மட்டும் கால் ஒட்டிக்கும்” என்றாள் பிசியோதெரபிஸ்டிடம்.

“நிறைய பேருக்கு அப்படித்தாம்மா. இங்க நாங்க பாக்கறோம்னு முழு கவனமும் கால்லயே இருக்கும். வீட்ல எப்படி நடக்கறாருன்னு பாத்துடலாம்” என்றாள் அந்தப் பெண்.

தீப்பெட்டி அளவில் மூன்று சென்சார் கொடுத்தார்கள். இரண்டு கணுக்காலுக்கு, ஒன்று இடுப்புக்கு. ஏழு நாள் பகல் முழுக்கக் கட்டியிருக்க வேண்டும். மாத்திரை, சாப்பாடு, மற்ற சங்கதிகளையெல்லாம் நேரம் போட்டு ஒரு நோட்டில் எழுதிவரவும் சொன்னார்கள்.

இடுப்புப் பட்டை உறுத்துகிறது என்றார் அவர். உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அளவு நோட்டு எழுதிப் பழகிய கை, ஒரு நிமிஷம் பிசகாமல் எழுதியது. 8.10 மாத்திரைக்குக் கூப்பிட்டேன். 12.40 சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை, மறுபடி கூப்பிட்டேன். 4.05 மகள் போன், சீக்கிரம் வாங்க என்றேன். எல்லாம் முன் அறையில் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமல் கொடுத்த குரல்கள். கைவேலை தலைக்கு மேல் கிடந்தது.

எட்டாம் நாள் பிசியோ பெண் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். நடந்த இடமெல்லாம் பெரிய பெரிய அலை. கால் ஒட்டிக்கொண்ட இடத்தில் அலை சுருங்கி, பொடிப்பொடியாக நடுங்கும் ஒரு கோடு.

“ஏழு நாள்ல நாப்பத்தோரு தடவை நின்னிருக்காரும்மா. அதுல இருபத்தாறு, நீங்க எழுதின நேரத்துலயே வருது.”

“எந்த நேரம்?”

பெண் தயங்கினாள். “கூப்பிட்ட நேரம். அவசரப்படுத்தினா இந்த நோய்ல கால் உடனே பூட்டிக்கும். வியாழக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு தடவைகூட நிக்கல. நல்லா நடந்திருக்காரு.”

வியாழக்கிழமை பத்தரைக்கு அவள் ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போயிருந்தாள்.

“உங்க மேல தப்பில்லம்மா. யாரு கூப்பிட்டாலும் இப்படித்தான் ஆகும்.”

அவள் தலையாட்டினாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நிற்பாள். மாத்திரையையும் அப்படியே. அவர் நிற்பது குறைந்தது உண்மைதான். வீடுதான் வெறிச்சென்று ஆகிவிட்டது. மெஷின் நின்றால் ஒரு சத்தம் இல்லை.

பத்து நாள் பொறுத்தார். பிறகு ஒரு மத்தியானம், தட்டை வாங்கி ஓரமாக வைத்தார்.

“என்மேல கோவமா?”

“உங்கமேல எதுக்குக் கோவம்? இத்தனை நாளா வீம்பு பண்றீங்கன்னு நெனச்சு என்னென்ன பேசிட்டேன். என்னாலதான்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“போன வருஷத்துலேர்ந்து. உன் சத்தம் கேட்டதும் மனசு எந்திரிச்சு ஓடும். காலு பின்னாடியே நிக்கும்.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமே.”

“சொன்னா நீ கூப்பிடறத நிறுத்திடுவ.”

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தை மீறி அவருக்குக் கேட்டது. எழுந்து போகப் பார்த்தார். அறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டது. அவளே முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்து, ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ணினாள். மூன்றில் கால் கிளம்பியது.

அதற்குப் பிறகு பேசினாள். கூப்பிடுவதானால் பக்கத்தில் போய், தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. நோய் அதுபாட்டுக்கு முற்றியது. இரண்டு தடவை விழுந்தார். இரண்டாவது தடவை இடுப்பெலும்பு முறிந்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போனாள். பிசியோ பெண் பார்த்துவிட்டு, சென்சார் பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் வைத்தாள்.

“இந்தத் தடவை வேணாம்மா.”

வீட்டுக்கு வந்ததும் அவள் அவருடைய பேண்ட்களை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவற்றின் தொளதொளப்பான கால்கள் நாற்காலிச் சக்கரத்தில் மாட்டின. ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒடுக்கித் தைத்தாள். அவர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தபடி, நடுங்கும் கையால் பிரித்த நூலை ஒவ்வொரு இழையாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.