ஆடும் கொக்கி

இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் 'அது அப்படித்தான்' என்கிறார்கள். நாற்காலி ஆடுகிறதே என்றால், அது அப்படித்தான். கதவுப் பிடி கையோடு வருகிறதே என்றால், அது அப்படித்தான். விற்றவனுக்கு வெட்கமும் இல்லை, வாங்கியவனுக்கு ரோஷமும் இல்லை. தச்சராக இருந்த பெரியவருக்கு இதெல்லாம் ஆகாது. எதையும் தட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். டாக்டர் கொடுத்த மருந்துப் புட்டியையே தட்டிப் பார்த்தவர். அதனால் வேலை நடக்கும் இடங்களில் அவருக்குப் பெயரே 'தட்டிப்பார்' என்று ஆகிவிட்டது.

வீடுகளைப் புதுப்பிக்கும் தொழில் இப்போது மகள் கையில். அவருடைய உளிகளும் இழைப்புளியும் வண்டியின் பின்பக்கம் ஒரு சாக்கில் கிடந்தன. அறுக்க மெஷின், மாட்ட ஆட்கள். அவருக்கென்று மிஞ்சியது ஒன்றே ஒன்று: பலகையில் அளவு குறித்துக் கொடுப்பது. காதில் செருகிய பென்சில் இருக்கும்வரை தானும் வேலைக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். போன மாதம் கண்ணாடி போடாமல் அளந்து ஒரு ஜன்னல் பலகை வீணானபோது மகள் சொல்லிவிட்டாள்: "அப்பா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பென்சிலை என்கிட்ட குடுத்துருங்க. கோவிச்சுக்கக் கூடாது."

அன்று ஒரு சமையலறையில் வேலை. பழைய அலமாரிகளைப் பிடுங்கிவிட்டு, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒன்பது பெட்டிகளை வரிசையாக நிறுத்த வேண்டும். ஒன்பதும் நின்றன. ஆனால் கடைசிப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் சுண்டுவிரல் நுனி போகிற சந்து.

வீட்டுக்காரம்மா நிஜமாகவே சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தார். "என்னங்க, கரப்பான் பூச்சிக்குத் தனி வாசலா?"

"சுவர் கோணல்மா," என்றார் பெரியவர் சட்டென்று. "கட்டினவன் தூக்கக் கலக்கத்துல கட்டியிருக்கான்."

சிங்க்குக்கு அடியில் மல்லாந்து கிடந்த குழாய்க்காரர் அங்கிருந்தே சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"நீ உன் ஓட்டைய அடைப்பா முதல்ல."

மகள் தூக்குக்குண்டைச் சுவரோரம் தொங்கவிட்டாள். நூல் சுவரை ஒட்டி நேராக இறங்கியது. மேலே எவ்வளவு சந்தோ, கீழேயும் அவ்வளவுதான். பிறகு தன் டேப்பை எடுத்து ஒவ்வொரு பெட்டியாக அளந்துகொண்டே வந்தாள். பெரியவருக்கு இடுப்பு வலித்தது. சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"ஒவ்வொண்ணும் அறுநூறு மில்லிமீட்டர் அகலம் இருக்கணும். எல்லாமே ஐந்நூத்தித் தொண்ணூத்தொன்பது," என்றாள் மகள்.

"ஒரு மில்லியா? பென்சில் கோட்டுத் தடிமன்கூட இல்ல."

"ஒண்ணுக்கு ஒரு மில்லிப்பா. ஒன்பதுக்கு?"

மகள் கையை நீட்டினாள். அவர் இடுப்பில் மாட்டியிருந்த டேப்பைக் கழற்றிக் கொடுத்தார். நாற்பது வருஷம் மடக்கு அளவுகோலில் அளந்தவர்; அது முறிந்தபின் மகள் வாங்கிக் கொடுத்த டேப் இது. நுனியில் இருக்கும் சின்னத் தகரக் கொக்கியை அவள் விரலால் அசைத்தாள். அசையவில்லை.

"இதைத் தட்டினீங்களா?"

"வாங்கிக் குடுத்த அன்னைக்கே லொடலொடன்னு ஆடுச்சு. உள்ள தள்ளி ரெண்டு தட்டு தட்டினேன். இப்பப் பாரு, பாறை மாதிரி நிக்குது."

"ஐயோ அப்பா! அது ஆடணும். பலகை ஓரத்துல மாட்டி இழுத்தா, தகரத்தோட தடிமன் அளவுக்கு வெளிய வரணும். சுவர்ல முட்டினா அதே அளவு உள்ள போகணும். அப்பதான் எப்படி அளந்தாலும் சரியா வரும். நீங்க உள்ள தள்ளி இறுக்கினதால ஒவ்வொரு பலகையும் ஒரு மில்லி குறைஞ்சுபோச்சு."

"ஆடுற கொக்கிய நம்பிக் கோடு போடச் சொல்றியா?"

"அது அப்படித்தான்ப்பா."

குழாய்க்காரர் மறுபடி சிரித்தார். இந்தத் தடவை பெரியவர் அவரைத் திட்டவில்லை.

மகள் பையிலிருந்து புது டேப் ஒன்றை எடுத்து நீட்டினாள். குரல் தணிந்திருந்தது. "இதை வச்சுக்கோங்க. சந்தை மூட ஒரு பட்டை வேணும், நீங்களே அளந்து குறிச்சுக் குடுங்க. பென்சில் உங்ககிட்டயே இருக்கட்டும். சுத்தியல் மட்டும் இதுகிட்ட வரக் கூடாது, அவ்வளவுதான்."

அவர் வாங்கி, கட்டைவிரலால் கொக்கியை அசைத்தார். லொட லொட. இன்னொரு முறை அசைத்தார். முன்னே போனது, பின்னே வந்தது. வாயில் ஆடுகிற பல்லை நாக்கால் தொடுவதுபோல இருந்தது. மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"நம்பாத சாமானை வச்சு என்னால கோடு போட முடியாதும்மா."

காதிலிருந்து பென்சிலை எடுத்தார். டேப்பைப் பெட்டியின் மேல் வைத்து, பக்கத்தில் பென்சிலையும் அது உருண்டு விழாதபடி வைத்தார்.

"அப்பா, கோவமா?"

"கோவிச்சுக்கக் கூடாதுன்னு சொன்னியே. கோவம் இல்ல. அசதி."

வெளியே வந்தார். படிக்கட்டுக் கைப்பிடியை வழக்கம்போல் ஒரு தட்டுத் தட்டினார். ஆடியது. அதைப் பிடிக்காமலே, முழங்கால் நோக நோக, ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவில் நடந்தார். ஆடுவது சரியாம். இறுக்கினது தப்பாம். யாரிடம் சொல்கிறார்கள் இந்தக் கதையை.