காலி மரம்

என் சீட்டுக்கட்டில் மொத்தம் முப்பத்தொரு சீட்டு. முப்பது பறவை, ஒரு மரம். எல்லாம் வேடந்தாங்கலில் நானே எடுத்த படங்கள். செங்கல்பட்டில் ஒரு போட்டோ கடையில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்தேன். இணையத்தில் குறி சொல்கிற டாரட் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்து, இந்த ராஜாவும் ராணியும் நமக்கெதற்கு என்று எரிச்சல் வந்து, எனக்கென்று ஒரு சீட்டுக்கட்டை உண்டாக்கிக்கொண்டேன். செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்குப் போகிற ஆபீஸ் பஸ்ஸில் தினமும் ஒரு மணி நேரத்தை எப்படியாவது கழிக்க வேண்டுமே.

படிக்கிற முறை ஒன்றும் கஷ்டமில்லை. கேட்பவர் குலுக்கிக் கொடுத்து, மூன்று சீட்டு எடுக்க வேண்டும். முதலாவது கையில் இருப்பது. இரண்டாவது கண்ணுக்குத் தெரியாதது. மூன்றாவது செய்ய வேண்டியது. பாம்புத்தாரா வந்தால் யாரோ எதையோ மறைக்கிறார்கள், ஏனென்றால் அது கழுத்தை மட்டும் வெளியே நீட்டிவிட்டு உடம்பைத் தண்ணீருக்குள் வைத்திருக்கும். நத்தைகுத்தி நாரை வந்தால் பொறுமை. எல்லாவற்றையும்விட முக்கியம் அலகு. அது கேட்பவரைப் பார்த்தால் அந்த விஷயம் வருகிறது, ஜன்னலைப் பார்த்தால் போகிறது.

மரத்துக்கு ஏது அலகு? மே மாதம் எடுத்த படம் அது. எச்சத்தில் வெளுத்த கிளைகள், ஒரு பறவைகூட இல்லை. அதற்கு நான் வைத்திருந்த பொருள் ஒன்றுதான்: சீசன் முடிந்தது, கிளம்பு.

போன வருஷம் அந்தச் சீட்டு பூங்கொடிக்கு வந்தது. சப்போர்ட் டீமில் இருக்கிற பெண், காலி மரத்தைப் பார்த்ததுமே பஸ்ஸில் அழுதுவிட்டாள். யாராவது அழுதால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. "இது நல்ல சீட்டுடி. ஐப்பசி வந்தா எல்லாம் அதே மரத்துக்குத் திரும்பி வரும். பொறுமையா இருன்னு அர்த்தம்" என்று அளந்துவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொன்னது பஸ் முழுக்கக் கேட்டது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

விளையாட்டாக இருந்தவரை சரி. நான் வேலை பார்ப்பது எச்.ஆரில். இந்த வாரம் செவ்வாய்க்கிழமை என்னிடம் ஒரு பட்டியல் வந்தது. பதினான்கு பேர். வெள்ளிக்கிழமை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். பதினான்கில் நான்கு பேர் எங்கள் பஸ்.

வியாழக்கிழமை காலை ஹரிஹரன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். படாளத்துக்காரன், டெஸ்டிங்கில் எட்டு வருஷம். பட்டியலில் மூன்றாவது பெயர்.

"கோதை மேடம், எனக்கு ஒரு தபா சீட்டு பாக்கணும்" என்றான். "மறைமலை நகர்ல ஒரு கம்பெனில வேலை குட்த்துகீறாங்க. சம்பளம் கம்மி. பத்து மணிக்குள்ள பதில் சொல்லலன்னா வேற ஆளுக்குப் பூடும். இங்க மேனேஜர் ஏப்ரல்ல டீம் லீட் ஆக்கறேன்னு சொல்லிகினு கீறாரு. வூட்ல வசந்தாவுக்கு ஏழாம் மாசம். இன்னா பண்றதுன்னே தெரியல."

அவன் பெயரைப் பட்டியலுக்கு எழுதிக் கொடுத்ததே அந்த மேனேஜர்தான். சீட்டுக்கட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் குலுக்கிக் கொடுத்தான். முதல் சீட்டு நீர்க்காகம், அலகு ஜன்னலைப் பார்த்து. இரண்டாவது பாம்புத்தாரா. மூன்றாவதுக்கு நான் காத்திருக்கவில்லை. மீதிச் சீட்டுகளை விசிறி மாதிரி விரிக்கும்போதே மரத்தைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் வெளியே துருத்தி வைத்தேன். துருத்திக்கொண்டிருப்பதைத்தான் எல்லோருடைய விரலும் எடுக்கும். அவனும் எடுத்தான்.

காலி மரம். அப்பாடா என்றிருந்தது. சீட்டு சொன்னதாக இருக்கட்டும், நான் எதுவும் சொல்லவில்லை.

ஹரி சிரித்தான். "புரிஞ்சிடிச்சு மேடம். பொறுமையா இருந்தா எல்லாம் அதே மரத்துக்குத் திரும்பி வரும். பூங்கொடிக்கு நீங்க சொன்னீங்களே. இப்பவே அந்தக் கம்பெனிக்கு வேணாம்னு மெயில் போட்டுடறேன்."

போனை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான்.

"இல்ல ஹரி. அதுக்கு அர்த்தம் கிளம்புன்னு."

"அன்னிக்கு அப்டி சொல்லலியே?"

"அவ அழுதாளேன்னு மாத்திச் சொன்னேன்."

"அப்போ இன்னிக்கு எனக்கோசரம் மாத்தறீங்களா?" அவன் கோபப்படவில்லை, கேலிதான் செய்தான். கட்டைவிரல் மட்டும் நிற்கவேயில்லை.

பஸ் திருப்போரூர் தாண்டிவிட்டது. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒருத்தியின் அழுகையை நிறுத்த நான் விட்ட கதை, இன்னொருத்தன் வீட்டு அடுப்பில் கை வைக்கப் பார்க்கிறது. சொன்னால் என் வேலை போகலாம். பயமாகத்தான் இருந்தது. அவன் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக் குப்புறப் போட்டேன்.

"சீட்டை விடு. நான் சொல்றேன். அந்த வேலைக்கு வரேன்னு எழுது. இப்பவே."

அவன் என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தான். பிறகு என் முகத்தை. சிரிப்பு போய்விட்டது.

"எப்போ?" என்று மட்டும் கேட்டான்.

"நாளைக்கு."

எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி எழுதினான். அனுப்பியதும் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். "வசந்தாவாண்ட சொல்லணும்" என்று எழுந்து, பின்னால் கடைசி இருக்கைக்குப் போய் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

அவன் விட்டுப்போன இடத்தில் பூங்கொடி வந்து நின்றாள். பட்டியலில் ஒன்பதாவது பெயர்.

"இன்னாக்கா, ஹரி மூஞ்சே சரியில்ல. மரம் வந்துச்சா?" என்று சிரித்தாள். "எனக்கும் இன்னிக்கு ஒண்ணு பாருங்க. மரமே வந்தாலும் இப்பல்லாம் எனக்குப் பயமில்ல."

குலுக்குவதற்குக் கையை நீட்டினாள். நான் சீட்டுக்கட்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

"சீட்டு வேண்டாம்டி" என்றேன். "உட்காரு."