முதலிடம் பெற்ற காளான்

எங்கள் கொட்டகலை மலைப் பக்கத்தில் வெயில் ஒரு விருந்தாளி. வந்தால்தான் உண்டு. அதனால் காளான் வளர்ப்பது சுலபம், காய வைப்பதுதான் பெரும்பாடு.

சாறு எடுப்பதற்காகக் கொழும்புக் கம்பெனி ஒன்று காய்ந்த காளான் கேட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் நானும் பக்கத்து வீட்டு வீரம்மாவும் போட்டி. யாருடைய காளானில் ஆன்டிஒக்சிடன்ட் என்கிற உடம்பைக் காக்கும் சத்து அதிகமோ, அவருக்கே காளான் அனுப்பும் ஓடர். வீரம்மா மரப்பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, இளஞ்சூட்டில் ஆற அமரக் காய வைத்தாள். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். தேயிலை காய வைக்கும் மெஷினில் போட்டு, அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று கொண்டுவந்தார்.

கம்பெனிக்காகப் பரிசோதனை செய்த நதா மிஸ் எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, ஒங்கட காளான்தான் முதலிடம்!"

"என்ன மிஸ், முதலிடமா?" என்று லயமே கேட்கும்படி கத்தினேன். வீரம்மா காதில் விழ வேண்டாமா?

ஆனால் மிஸ்ஸுக்கு ஒரு குழப்பம். சூடு கூடினால் சத்து குறைய வேண்டும். இது எப்படிக் கூடியது? பார்த்துப்போக நேரிலேயே வந்துவிட்டார். வீரம்மாவும் வந்து நின்றாள். மீதிக் காளானை மிஸ் ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் போட்டதும் தண்ணீர் சிவந்தது. காளான் எங்கே சாயம் விடும்? எனக்குப் புரிந்துவிட்டது. மெஷின் தட்டில் கிடந்த தேயிலைத் தூள் ஒட்டியிருக்கிறது. தேயிலையில் அந்தச் சத்து ஏராளம் என்று மிஸ்ஸே முன்பு சொல்லியிருந்தார்.

"அடுப்புப் புகையில காய வெச்சீங்களா, அக்கா?" என்றார் மிஸ், அந்த நிறத்தைப் பார்த்து.

தலையாட்டினால் போதும், ஓடர் எனக்கு. ஆனால் மற்றப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்க அவர் அதை எழுதத் தொடங்கிவிட்டார். என் பொய்யை நம்பி எத்தனை பெண்கள் காளானைப் புகையில் போடுவார்கள்? மனசு கேட்கவில்லை.

"எழுதாதீங்க மிஸ். அது தேயில மெஷின்ல காய வச்சது. ஒட்டியிருக்கிறது தேயிலத் தூளு. மொத எடம் தேயிலைக்குத்தாங்க, எனக்கில்ல."

ஓடர் வீரம்மாவுக்குப் போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளோ அந்தக் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"சீனிதான் இல்லக்கா," என்றாள். "ஓடரு பெருசு, நான் ஒருத்தியா முடிக்க ஏலாது. எம் பெட்டியில இன்னொரு தட்டுக்கு எடம் இருக்கு. காளான மட்டும் கொண்டாங்க."