ஃபாதரின் ஆறு பின்கள்

மார்ச் 24, 1981, செவ்வாய்

மாலைக் கணினி வகுப்பு ஆசிரியர் சொன்னதில் எனக்கு முழுதாக விளங்கிய ஒரே விஷயம், எந்தப் பட்டனை எப்போது அழுத்தினோம் என்று எழுதிவைக்க வேண்டும் என்பதுதான். "பின்னாடி உக்காந்து அழறதுக்கு வசதியா இருக்கும்" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை கணினி வந்தது. மாதா கோயில் அடித்தளத்தில், ஆறு பௌலிங் தடங்களுக்குப் பின்னால், வாடகைக் காலணி அலமாரியை ஒட்டி அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கச் சொன்னவள் நான். வகுப்பில் எட்டுப் பேருக்கு ஒரு கணினி. என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். எனக்கென்று ஒன்று வேண்டும் என்பதற்காகவே பங்கின் பௌலிங் குழுவுக்கு ஆசை காட்டினேன் என்பதை இந்த நோட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் மூன்று, வெள்ளிக்கிழமை, குழு ஓட்டெடுக்கும். மூன்றே ஓட்டு: தலைவி வெர்னா ஸ்மோலரெக், செயலாளர் ஹூபர்ட் கிளின்கா, பங்குத்தந்தை லாடிஸ்லாஸ். இரண்டு ஓட்டு விழாவிட்டால் மறுநாள் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப் போகப்போவது நான்தான்.

ஹூபர்ட் பத்தொன்பது வருடமாகப் பென்சிலால் செய்யும் வேலையை அது செய்யவேண்டும். அறுபத்து நான்கு ஆட்டக்காரர்கள். பந்தை உருட்டிச் சாய்க்கிற கட்டைகளைத்தான் 'பின்' என்போம்; புள்ளியும் பின் கணக்கில்தான், ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்சம் முன்னூறு. ஒவ்வொருவரின் சராசரியும் இருநூறுக்கு எவ்வளவு குறைகிறதோ, அதில் எண்பது சதவீதத்தை அவரவர் ஆட்டத்தில் சேர்த்துக் கொடுப்போம். சலுகை என்று பெயர். அது இல்லாவிட்டால் வெர்னாவுக்கு எதிராக ஆட ஒருவரும் வர மாட்டார்கள்.

செய்தவை: கணக்குப் போடும் விரிதாள் நிரல் உள்ள ஃப்ளாப்பியைச் செருகினேன். சிறு கதவை மூடினேன். பவரைப் போட்டேன். பச்சைத் திரையில் மேலே எழுத்துகள், ஓரத்தில் எண்கள், நடுவில் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரம் பெயர்களை அடித்தேன். சேமிக்கப் போனால், வெற்று ஃப்ளாப்பியை முதலில் பக்குவப்படுத்தியிருக்க வேண்டுமாம். பதறிப்போய் அணைத்துவிட்டேன். பெயர்கள் போயின. அணைக்கத் தேவையே இல்லை என்பது கையேட்டின் அடுத்த பக்கத்தில் இருந்தது.

இடமும் வலமும் போக இரண்டு அம்புக்குறிப் பட்டன்கள். மேலே கீழே போக எதுவும் இல்லை. இடைவெளிப் பட்டனைத் தட்டினால் அதே இரண்டும் மேலும் கீழும் போகும். ஹூபர்ட் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா ரோமி, கீழ போறதுக்கு முன்னாடி அதுகிட்ட சொல்லணுமா?"

"ஆமா, மிஸ்டர் கிளின்கா."

"என் பென்சில் சொல்லாமலே கீழ போகும். அதுவும் குனிஞ்சு எடுக்கிற தூரத்துக்கு."

மார்ச் 31, செவ்வாய்

வாரப் புள்ளிகளை அடித்து முடித்தால் அறுபத்து மூன்று பேருக்குச் சரியாக வருகிறது. பட்டியலில் கடைசியாக இருக்கும் மிஸஸ் ஸாபெலுக்கு மட்டும் போன வாரத்துச் சலுகை. மூன்று நாளாக இப்படி. இன்று வகுப்பில் காரணம் தெரிந்தது. நிரல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டே போகிறது. நான் ஹூபர்டின் பட்டியலில் இருப்பதுபோல் சலுகையைப் பெயருக்குப் பக்கத்திலும் சராசரியை வலது ஓரத்திலும் வைத்திருந்தேன். ஆகவே முதலில் பழைய சராசரியில் சலுகை, அப்புறம்தான் புதுச் சராசரி. அடுத்தவருக்கு அடிக்கும்போது முந்தினவர் சரியாகிவிடுவார். கடைசி ஆளுக்கு அடுத்தவர் இல்லை.

"அதுக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் உறைக்கும்" என்றார் ஆசிரியர். "ஆச்சரியக்குறிய ரெண்டு தடவ தட்டு, மறுபடி கணக்குப் போடும்."

தட்டினேன். மிஸஸ் ஸாபெல் குணமானார்.

ஏப்ரல் 2, வியாழன்

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். அறுபத்து மூன்று பெயர்கள் பொருந்துகின்றன. ஃபாதர் லாடிஸ்லாஸ் மட்டும் பொருந்தவில்லை. கணினி 40 என்கிறது, ஹூபர்ட் 46 என்கிறார்.

ஆச்சரியக்குறியை இரண்டு தடவை தட்டினேன். பிறகு பத்துத் தடவை. கையால் போட்டேன்: அறுபது ஆட்டம், 8940 பின், சராசரி 149. மீதி 51; அதில் எண்பது சதவீதம் 40.8. பின்னத்தை விடவேண்டும். 40.

ஆனால் ஹூபர்ட் பத்தொன்பது வருடமாகச் செய்கிறவர். நான் மிஸஸ் ஸாபெலை மூன்று நாள் நட்டாற்றில் விட்டவள். ஏதோ ஒரு விதி எனக்குத் தெரியாமல் இருக்கலாம். குருக்களுக்கென்று தனி விதிகூட இருக்கலாம். அந்தக் கட்டத்தில் இருந்த சூத்திரத்தின் மேல் 46 என்று அடித்தேன். கணினி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

ஏப்ரல் 4, சனி

நேற்று நடந்ததை வரிசை பிசகாமல் எழுதப் பார்க்கிறேன்.

இறைச்சி கூடாத தவக்காலத்து வெள்ளி என்பதால் அடித்தளம் முழுக்க வறுத்த மீன் வாசம். காகிதத் தட்டும் பிராந்தியுமாகக் கணினியைச் சுற்றி நாற்பது பேர். ஹூபர்ட் தன் பட்டியலைப் பெயர் பெயராக வாசித்தார், நான் திரையில் உள்ளதை வாசித்தேன். அறுபத்து நான்கும் பொருந்தின.

"சரி, இதைத்தான் பென்சிலும் செய்யுதே" என்றார் வெர்னா. "வேற என்ன தெரியும் இதுக்கு? எனக்கு இன்னொரு ஆட்டம் சேரு. நூறு போடு."

"நீங்க அவ்வளவு கம்மியா எடுத்ததே இல்லையே."

"போடுடீ."

போட்டேன், இரண்டு தட்டு தட்டினேன். அவருடைய சலுகை 9 இலிருந்து 11 ஆனது. கை தட்டினார்கள்.

"அடேயப்பா, குப்பையா ஆடினா உடனே இரக்கம் காட்டுதே! இப்ப ஃபாதருக்கு முன்னூறு போடு."

"வெர்னா, என்னைக் கேலி பண்ண வேற நாளே கிடைக்கலையா?" என்றார் ஃபாதர்.

"அற்புதம் நடக்காதா ஃபாதர்? ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நடக்கும்னீங்க."

முன்னூறு போட்டேன். சராசரி 151 ஆனது. சலுகை 46. நான் சூத்திரத்தின் மேல் அடித்த 46 அது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு தட்டு தட்டினேன். 46.

"இன்னும் தட்டு" என்றது கூட்டம். தட்டினேன்.

"நமக்கெல்லாம் பென்சில்ல எழுதியிருக்கு" என்றார் வெர்னா. "அவருக்குக் கல்வெட்டு."

"பாத்தீங்களா?" ஹூபர்ட் அவசரமாக முன்னால் வந்தார். "மெஷின் கோளாறு. நாளைக்கே திருப்பிக் கொடுத்துடலாம்."

சும்மா இருந்தால் கணினி போய்விடும். பேசினால் என் மானம் போய்விடும்.

"மெஷின் மேல தப்பில்ல. ஃபார்முலாவை அழிச்சிட்டு நான்தான் நாப்பத்தாறுன்னு அடிச்சேன்."

"எதுக்குடீ?" என்றார் வெர்னா.

"மிஸ்டர் கிளின்கா பட்டியல்ல அப்படித்தான் இருந்துச்சு. எனக்குத்தான் கணக்கு வரலையோன்னு..."

முன்னூறை எடுத்தேன். மேல் வரிசையின் சூத்திரத்தைக் கீழே இறக்கினேன். இரண்டு தட்டு. 40. வெர்னா காகிதக் கைக்குட்டையில் போட்டுப் பார்த்தார். 40. எல்லோரும் ஹூபர்டைப் பார்த்தார்கள். ஹூபர்ட் தன் தட்டிலிருந்த மீனைப் பார்த்தார்.

"எழுபத்து நாலாம் வருஷம் தவக்காலத்துல," என்று மெல்ல ஆரம்பித்தார், "ஃபாதர்கிட்ட என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணேன். நான் செஞ்ச காரியத்துக்குப் பரிகாரமா முப்பது ஜெபமாவது கிடைக்கும்னு போனேன். மூணே மூணு 'அருள் நிறைந்த மரியே' சொல்லிட்டுப் போன்னுட்டார். மனசு கேக்கல. பதிலுக்கு நம்மாலானது, ஆட்டத்துக்கு ஆறு பின்."

"ஹூபர்ட்! அங்க பேசினதை இங்க பேசாதே!" ஃபாதரின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. "எனக்கு இந்த ஆறு பின் சமாச்சாரமே தெரியாது. நான் ஏதோ தேவ அருள்னு நினைச்சேன்."

"பின் கிடக்கட்டும்" என்றார் வெர்னா. "எழுபத்து நாலுல என்ன பண்ணீங்க, ஹூபர்ட்?"

"வெர்னா!"

"ஏழு வருஷத்துல நாலு கோப்பை அந்த ஆறு பின்னுல போச்சு, ஃபாதர். காரணம் தெரிய வேணாமா?"

ஹூபர்ட் மீனில் முள் பொறுக்க ஆரம்பித்ததால் ஓட்டெடுத்தார்கள். வெர்னா மீன் துண்டோடு கையைத் தூக்கினார். ஹூபர்ட் தூக்கவில்லை. "இதுக்கு நன்றி விசுவாசமே கிடையாது" என்றார். மீதி ஃபாதர். அடுத்த வெள்ளி இறுதி ஆட்டம், அவர் அணிக்கும் வெர்னா அணிக்கும்.

ஃபாதர் என் பக்கம் குனிந்தார். "ரோமி, அந்த நாப்பத்தாறைத் திரும்ப அடிக்க முடியுமா?"

"முடியும் ஃபாதர். ஆனா நீங்க நல்லா ஆடினாலும் அது நகராது, மோசமா ஆடினாலும் நகராது."

"மோசமா ஆடினா... ஃபார்முலா ஏறும்?"

"ஏறும்."

"போன வாரம் நான் எடுத்ததே தொண்ணூத்தெட்டுதான்." கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "ஃபார்முலாவே இருக்கட்டும்." கையைத் தூக்கினார். தூக்கிய கையோடு, "ஹூபர்ட், நாளைக்கு மூணு மணிக்கு வந்துடு. எழுபத்து நாலை மறுபடி கணக்குப் போடணும்" என்றார்.

இன்று மூன்று மணிக்கு நானும் போனேன், 46 அடித்ததைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல. ஹூபர்ட் எனக்கு முன்னால் உள்ளே போய், வெளியே வந்து, நான்காவது பெஞ்சில் முழந்தாளிட்டார். எனக்கு ஆறு 'அருள் நிறைந்த மரியே' கிடைத்தது. சொல்லி முடித்து, சரியாக எண்ணினேனா என்ற சந்தேகத்தில் இன்னொரு முறையும் சொல்லிவிட்டு எழுந்தேன். ஹூபர்ட் இன்னும் முழந்தாளில்தான் இருந்தார். அவருக்கு நேர் பின்னால் வெர்னா, அவருடைய ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் ஒரு மணியாக ஜெபமாலையை உருட்டியபடி, காதை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.